கீழே கடை, மேலே வீடு: இன்னொரு மாடி கட்டலாமா?

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்கு அருகே வசிக்கும் வாசகர் ஒருவர், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக உள்ள தமது கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி கட்ட எண்ணியிருக்கிறார். 2025 மார்ச் 28 அன்று மியன்மாரின் மண்டலே நகரைக் குலைத்த 7.7 அளவு நிலநடுக்கத்தின் படங்களைப் பார்த்த பின்பு, தமது சுவர்களிலுள்ள வெடிப்புகளைப் பற்றி அவருக்குக் கலக்கம் ஏற்பட்டிருக்கிறது. நடுக்கம் வந்தால் உடனே வெளியே ஓட வேண்டுமா என்றும் கேட்கிறார்.

மண்டலே, சகாயிங் பிளவு எனப்படும் நிலவோட்டு முறிவின் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையோ, பெருநடுக்கங்கள் பெரும்பாலும் பிறக்கும் புவித்தட்டு விளிம்புகளிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கிறது. ஆகவே அத்தகைய பெருநடுக்கம் திருகோணமலைக்கு அடியிலேயே பிறக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் 1615இல் கொழும்பில் பெருஞ்சேதம் விளைந்ததாகப் பதிவுண்டு. 2018 செப்டெம்பரில் திருகோணமலையிலேயே சிறு அதிர்வு உணரப்பட்டது.

உங்கள் கட்டடத்தில் என்னைக் கவலைகொள்ள வைப்பது வெடிப்பல்ல, கடைதான். மேல்தளத்தில் அறைக்கு அறை சுவர் இருக்கும். கீழே, கடையின் முன்புறம் முழுவதும் இரும்புக் கதவுக்காகத் திறந்து விடப்பட்டு, பாரம் அத்தனையும் நாலைந்து தூண்களின் மேல் நிற்கும். நிலம் பக்கவாட்டில் அசையும்போது மேல்தளம் ஒரு பெட்டியைப் போல ஒன்றாக நகர, வளைவு முழுவதையும் அந்தத் தூண்களே தாங்க வேண்டியிருப்பதால், அவை தலைப்பிலும் அடியிலும் உடைந்து, கீழ்த்தளம் நசுங்கி, மேல்தளம் அப்படியே தரையில் அமர்ந்துவிடுகிறது. இந்தத் தூண்களைக் காப்பவை நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள். தூணின் இரு முனைகளிலும் அவை ஏறத்தாழ 4 அங்குல இடைவெளியில் நெருக்கமாக இருக்க வேண்டும். வளையத்தின் நுனிகள் கொங்கிறீற்றின் உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்க வேண்டும். எட்டங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டி, நுனியைச் செங்கோணத்தில் விட்டுவிடும் வழக்கத்தை நான் எத்தனையோ வேலைத்தளங்களில் பார்த்திருக்கிறேன். கொங்கிறீற்று ஊற்றிய பின் இதை யாராலும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வெடிப்புகளில், பூச்சில் வலைபோல் ஓடும் மயிரிழைக் கோடுகளையும், தூணும் கற்சுவரும் சந்திக்கும் இடத்து நேர்க்கோட்டையும் விட்டுவிடலாம். யன்னல் மூலையிலிருந்து சரிவாகச் சென்று, நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு அகன்றிருக்கும் வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வையுங்கள்; வளர்ந்தால் பொறியியலாளரை அழையுங்கள். தூணில் கம்பியின் வழியே நீளவாக்கில் வெடித்துப் பழுப்புக் கறை கசிந்தால் காத்திருக்கவே வேண்டாம்: உப்புக் காற்று கம்பியைத் தின்னத் தொடங்கிவிட்டது. உங்கள் கரையில் நிலநடுக்கத்தைவிட இதுதான் அன்றாட ஆபத்து.

நடுங்கும்போது ஓட வேண்டாம். படிக்கட்டிலும் வாசலிலும்தான் கல்லும் ஓடும் விழும். உறுதியான மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பற்றிக்கொண்டு, நடுக்கம் நின்ற பின்னரே வெளியேறுங்கள். வெடித்த வீட்டுக்குள் நகைக்காகவோ ஆவணத்துக்காகவோ திரும்ப நுழையாதீர்கள்: காத்மண்டுவில் 2015 ஏப்ரல் 25இன் 7.8 நடுக்கத்துக்குப் பதினேழு நாட்களின் பின் 7.3 அளவில் இன்னொன்று வந்தது.

உங்களுக்குக் கடல் பக்கத்திலிருப்பதால் இதையும் சேர்க்கிறேன். நடுக்கம் பலமாகவோ நீண்டதாகவோ இருந்தால் எச்சரிக்கையை எதிர்பாராமல் உயர்ந்த நிலத்துக்கு நடந்துவிடுங்கள். ஆனால் நடுக்கமே இல்லாமலும் அலை வரும். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த அலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிழக்குக் கரையை அடைந்தது. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் அதுவே அறிவித்தல். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருங்கள்.

ஆகவே, இப்போது மாடி வேண்டாம். முதலில் பட்டயம் பெற்ற கட்டமைப்புப் பொறியியலாளரைக் கொண்டு ஒரு தூணின் அடியில் பூச்சையும் கம்பியை மூடிய கொங்கிறீற்றையும் கொத்தி வளைய இடைவெளியையும், அத்திவாரத்தின் ஆழத்தையும், அதன் கீழுள்ள மணலையும் பார்க்கச் செய்யுங்கள். கிணற்றில் தண்ணீர் மேலாக நிற்கும் தளர்ந்த மணல், பலத்த அதிர்வில் சேறுபோல் இளகிவிடும். தூண்கள் தேறாவிட்டால், புதுக்கம்பி கட்டி அவற்றைச் சுற்றிக் கொங்கிறீற்று உறை போடலாம். கடையின் பின்புறத்திலும் பக்கங்களிலும் பொறியியலாளர் குறிக்கும் இடங்களில் சுவர் எழுப்பலாம். மாடிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும்.