‘ரன்’ என்றால் ஓடுவதுதானே, கம்பெனியை ஏன் ‘ரன்’ பண்ணுகிறார்கள்?

ஓடுவது அந்தச் சொல்லின் முதல் பொருள், அவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’தான் மிக நீளமான பதிவு, சுமார் 430 பொருள்கள். பிற்பாடு திருத்தியபோது ‘ரன்’ 600ஐத் தாண்டி அதை முந்திவிட்டது.

பயப்பட வேண்டாம், நம் ‘ஓடு’வும் லேசுப்பட்டதல்ல. மோட்டார் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’தான். மூக்கு மட்டும் நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ஓடும்.

குழப்பம் வேறிடத்தில். தமிழில் தானே ஓடினால் ‘ஓடு’, இன்னொன்றை ஓடவைத்தால் ‘ஓட்டு’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘த மெஷின் ரன்ஸ்’ என்றால் மெஷின் ஓடுகிறது. ‘ஷீ ரன்ஸ் த மெஷின்’ என்றால் அவள் ஓட்டுகிறாள். மெஷின் இருந்த இடத்தில் கம்பெனியை வையுங்கள்: நடத்துகிறாள்!

பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்கள் தனிக்கதை. ‘ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துபோச்சு. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது. காரில் போகும்போது சொன்னால் மோதல்.

தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ரன்’ பண்ணுவார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார்கள். நாமும் நிற்கிற கட்சிதான்.