செல்வமலருக்கு என்னதான் வேண்டும்?

கேள்வி: என் சிறுகதையை இத்துடன் அனுப்பியுள்ளேன். நாயகி செல்வமலர், 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவனை இழந்து, பிள்ளைகளோடு ஊர் திரும்பியவள். நடந்தவற்றைத்தான் எழுதினேன். ஆனாலும், அவள் உயிருள்ள மனுசியாகத் தெரியவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் செல்வமலருக்கு நேர்ந்தவை. வன்னியில் அவை எத்தனையோ பெண்களுக்கும் நேர்ந்தவை. அவற்றை மட்டும் வைத்து இவளைத் தனியாக அடையாளம் காண முடியாது. இவளுக்கு இன்றைக்கு என்ன வேண்டும், அதற்காக எதுவரை போவாள் என்பது கதையில் எங்கும் இல்லை.

அவளைச் சிறுபோகத்தில், அதாவது கோடைகால நெற்செய்கையில், கொண்டுபோய் நிறுத்துங்கள். காலபோகம் என்ற மாரிகாலச் செய்கைக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சிய நீர்தான். எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதையே கூட்டம் வைத்து முடிவுசெய்கிறார்கள். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் அவளுக்கு அரை ஏக்கர் கிடைத்தது என்று வையுங்கள். நெல் குடலைப் பருவம்; கதிர் இன்னும் தண்டுக்குள்தான், தண்ணீர் இல்லாமல் முடியாது. தண்ணீருக்கு அவளுடைய முறை நாளை மறுநாள்தான். இன்றிரவுத் தண்ணீர் பக்கத்து வயல்காரருக்கு. செல் (எறிகணை) விழுந்த நாளில் அவளுடைய சின்ன மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர். செல்வமலர் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போகிறாள். வெட்டித் திருப்புவாளா? திருப்பினால் விடிந்ததும் அவரோடு என்ன கதைப்பாள்? திருப்பாவிட்டால் பட்ட கடனுக்கு என்ன வழி?

என்னைக் கேட்டால், திருப்பட்டும். பிறகு அவரைப் பற்றியே நாலு பேரிடம் குறை சொல்லட்டும். பெரிய உதவி செய்தவர்மேல் சில வேளை எரிச்சல் வருவதுண்டு. அதை எழுதத்தான் நாம் கூசுகிறோம். துன்பப்பட்டவளிடம் குறை காட்டினால் துரோகமாகிவிடும் என்ற பயம் நம்மவர் எழுத்தில் நிறையவே இருக்கிறது.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாக வகுக்கிறது. நகை (சிரிப்பு), இளிவரல் (இழிவுணர்வு), பெருமிதம், வெகுளி (கோபம்) எல்லாம் அதில் உண்டு. நீங்கள் அழுகை ஒன்றையே கொடுத்திருக்கிறீர்கள். மாமியாரைப் போல நடந்து காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் செல்வமலர் எங்கே?

உரையாடலிலும் ஒரு குறை. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் வன்னியில் இருக்கின்றன; அவர்களுடைய பேச்சுவழக்கு வேறு. உங்கள் கதையிலோ கடைக்காரர் முதல் கிராம அலுவலர் வரை ஒரே வாயால் பேசுகிறார்கள்.

திருத்தும்போது 2009ஐ முதற்பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவள் தண்ணீரைத் திருப்பிய பிறகு, அந்த வயல்காரர் யார் என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும்.