கர்நாடக சங்கீதக் கச்சேரியை ஜூம் எச்6-இல் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்வது எப்படி?

மேடையில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று நால்வர் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். எச்6 ஒரு கையடக்க ரெக்கார்டர். அதில் கேபிள் செருக நான்கு உள்ளீடுகள், மேலே பொருத்தும் ஸ்டீரியோ மைக்குக்கு இரண்டு டிராக். நால்வருக்கும் ஹாலுக்கும் அது போதும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்த நாலு சிக்னலையும் மிக்சரில் (மேடை மைக்குகள் எல்லாம் வந்து சேரும் கருவி) எங்கிருந்து எடுப்பது என்பது. பதிவு நன்றாக வருவதும் கெடுவதும் பெரும்பாலும் இதில்தான். மெயின் அவுட்டை (ஹால் ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலை) வாங்கினால் எல்லாம் கலந்தே வரும். அதுவும் சின்ன அரங்கில் மிருதங்கம் மைக் இல்லாமலேயே கேட்கும் என்பதால் சவுண்ட்காரர் அதன் ஃபேடரை (ஹாலில் கேட்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) இறக்கி வைத்திருப்பார். பதிவில் மிருதங்கம் எங்கோ தூரத்தில் ஒலிக்கும். ஆகவே ஃபேடருக்கு முந்தைய சிக்னலைக் கேளுங்கள். ஒருவருக்கு ஒன்றாக நாலு ஆக்ஸ் (கூடுதல் வெளியீடு) கிடைத்தால் ப்ரீ-ஃபேடரில், அதாவது ஃபேடருக்கு முன்பே எடுக்கும்படி, வைத்து வாங்கலாம். டைரக்ட் அவுட் (ஒவ்வொரு சேனலின் தனி வெளியீடு) பல மிக்சர்களில் ஃபேடருக்குப் பின்னால் இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் சேனலில் வெளிக்கருவி இணைப்பதற்கான இன்சர்ட் துளையில் மோனோ பிளக்கை முதல் 'க்ளிக்' வரை மட்டும் செருகுங்கள். முழுக்க அழுத்தினால் அந்தச் சேனல் ஹாலில் நின்றுபோகும். அதனால் இதைக் கச்சேரிக்கு முன்பே, சவுண்ட்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கச்சேரி நடக்கும்போது மைக் சிக்னலை முதலில் பெருக்கும் கெயின் குமிழைத் தொடாமல் ஃபேடரை மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். கெயினைத் திருப்பினால் உங்கள் டிராக்கும் சேர்ந்து மாறும்.

மிக்சரிலிருந்து வருவது லைன் லெவல், மைக் சிக்னலைவிட வலுவானது. ரெக்கார்டரில் அந்த நாலு உள்ளீட்டுக்கும் −20 டிபி பேட் சுவிட்சைப் போட்டுச் சிக்னலைக் குறையுங்கள், மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் பான்டம் பவரை அணைத்துவிடுங்கள். 48 வோல்ட் மிக்சரின் அவுட்டுக்குள் போவது நல்லதல்ல.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். சவுண்ட் செக்கில் உச்சம் −18 டிபியைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். அப்போது மிருதங்கக்காரர் மெல்லத் தட்டிப் பார்ப்பார். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கோர்வையில் விழும் அடி வேறு. 24 பிட்டில் குறைவாகப் பதிவானதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், அளவு மீறிக் கிளிப் ஆனதை (உடைந்த ஒலியை) மீட்க வழியில்லை. பேக்கப் ரெக்கார்டிங் 12 டிபி குறைத்து ஒரு நகல் எடுக்கும்தான், ஆனால் மேலே உள்ள ஸ்டீரியோ மைக்குக்கு மட்டும். சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவலும் கம்ப்ரசரும் வேண்டவே வேண்டாம். ஆலாபனையில் பாடகர் நிறுத்தும்போதெல்லாம் தம்புராவும் மின்விசிறியும் மேலே எழும்பி வரும், ராகத்தின் அமைதியே போய்விடும்.

ரெக்கார்டர் மிக்சர் அருகே, மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் ஸ்டீரியோ மைக்குக்கு ஒலி சுமார் 29 மில்லி செகண்ட் தாமதமாக வரும். அப்படியே கலந்தால் மிருதங்கம் இரட்டை அடியாகக் கேட்கும். ஆரம்பத்தில் மேடையில் ஒரு முறை கைதட்டச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலைப் பார்த்து ஹால் டிராக்கை முன்னே இழுத்துக்கொள்ளலாம்.

மின்சார அடாப்டரில் ஓடும்போது 'ம்ம்' என்று இரைச்சல் கேட்டால் பெரும்பாலும் அது கிரவுண்ட் லூப் (இரு கருவிகளின் எர்த் இணைப்பு வழியே சுற்றும் மின்னோட்டம்). பேட்டரிக்கு மாற்றினால் நிற்கும். நாலு ஏஏ ரீசார்ஜபிள் போட்டால் மெனுவில் பேட்டரி வகையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மீதி சார்ஜ் தப்பாகக் காட்டும்.

கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஆறு டிராக்குக்கு மணிக்கு ஏறத்தாழ 3.1 ஜிபி, பேக்கப் சேர்ந்தால் 4.1. மூன்று மணி நேரக் கச்சேரிக்கு 32 ஜிபி தாராளம். ஆர்ஈசி அழுத்துமுன் ஆறு டிராக் விளக்கும் சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எரியாத டிராக் பதிவாகாது. ஸ்டீரியோ கோப்பு 2 ஜிபி எட்டியதும், அதாவது இரண்டு மணி நேரம் கடந்ததும், அடுத்த கோப்பு தானாகத் தொடங்கும். பயப்பட வேண்டாம், எடிட்டரில் ஒட்டி வைத்தால் இடைவெளி இருக்காது.