சோயா சாப்பிடலாம், சோயா மாத்திரை வேண்டாம்

கேள்வி: எனக்கு 53 வயது. மார்பில் கட்டி வந்து, ஹார்மோன் பாசிட்டிவ் என்றார்கள். ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து எட்டு மாதமாக டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, தொடவே கூடாது என்கிறார் நாத்தனார். தெரிந்த பெண்மணி ஒருவரோ, சோயாவிலிருந்து எடுத்த மாத்திரை புற்றுநோயை அடக்கும், டமாக்ஸிஃபெனையே நிறுத்திவிடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே பாதிதான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் நாத்தனார் பேச்சைக் கேட்டால் உங்களுக்குச் சோயாதான் நஷ்டம். அந்தப் பெண்மணி பேச்சைக் கேட்டால் நஷ்டம் பெரியது.

ஹார்மோன் பாசிட்டிவ் என்றால், ஈஸ்ட்ரோஜன் போன்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரும் கட்டி. ஈஸ்ட்ரோஜன் அந்தக் கட்டியைத் தூண்டாமல் தடுக்கும் மாத்திரைதான் டமாக்ஸிஃபென். ஆனால் சோயாவில் இருப்பது ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஐசோஃபிளேவோன் என்ற தாவரப் பொருள். அதில் முக்கியமானது ஜெனிஸ்டீன். உருவத்தில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் சாயல் இருப்பதால், செல்லில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் இதுவும் போய் உட்காரும். அந்த இடத்துக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பியில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு உண்டு. ஆல்பா செல்லைப் பெருகச் சொல்லும், பீட்டா பெரும்பாலும் அடக்கிவைக்கும். ஜெனிஸ்டீனுக்குப் பீட்டாவின் மேல்தான் ஒட்டுதல் அதிகம். ஆல்பாவில் உட்கார்ந்தாலும் அதன் வேகம் நம் உடம்பு ஈஸ்ட்ரோஜனுக்குப் பக்கத்தில்கூட வராது. இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். கட்டியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தலாம் என்ற பேச்சு வந்தது இப்படித்தான்.

நாத்தனாரின் பயம் எலியிடமிருந்து வந்தது. சினைப்பை எடுத்த எலிகளில் மனிதக் கட்டி செல்லை வைத்து ஜெனிஸ்டீன் கொடுத்தபோது கட்டி வளர்ந்தது. எலி உடம்பு அதைக் கையாளும் விதமே வேறு. ஷாங்காயில், மார்பகப் புற்றுநோய் வந்த 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009ல் வெளியானது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவது, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. டமாக்ஸிஃபென் எடுத்தவர்களிடமும் அதே போக்குதான். குறைந்ததற்குக் காரணம் சோயாதான் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பயப்படத் தேவையில்லை என்று சொல்லலாம். சோயா பால், டோஃபு என்று நாளைக்கு ஒன்றிரண்டு தடவை சாப்பிடுங்கள்.

சரி, மாத்திரை. இதில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத் தட்டில் ஜெனிஸ்டீனை நிறைய ஊற்றினால் கட்டி செல் அடங்கும். கொஞ்சமாக ஊற்றினால் அதே செல் வளரும். விற்பவர் காட்டும் படத்தில் முதல் பாதி மட்டும்தான் இருக்கும். அறுவைக்குக் காத்திருந்த பெண்களுக்குச் சோயாப் பொடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014ல் வந்தது. அவர்களில் சிலருக்குக் கட்டியில் வளர்ச்சி சம்பந்தமான ஜீன்கள் கூடுதலாக வேலை செய்ய ஆரம்பித்திருந்தன.

என்னிடம் வந்த ஒருவர் கைப்பையிலிருந்து டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். முன்பக்கம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான இளஞ்சிவப்பு ரிப்பன் படம். பின்பக்கம், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில், ‘எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல’. மருந்து என்றால் நிரூபித்துவிட்டுத்தான் விற்க வேண்டும். ‘துணை உணவு’ என்று ஒட்டிவிட்டால் பல நாடுகளில் யாரும் கேட்பதில்லை. டாக்டர்களான எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நோயாளியை எழுப்பி அனுப்பினால், மிச்சக் கேள்வியை அவர் மாத்திரை விற்கும் ஏஜென்ட்டிடம்தான் கேட்பார். ஏஜென்ட்டுக்கு நேரம் நிறைய.

டமாக்ஸிஃபெனை நிறுத்தாதீர்கள். உங்கள் வகைக் கட்டியில் அதை ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால், புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எந்தச் சோயா மாத்திரைக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

சோயா உணவிலும் ஒரு விதிவிலக்கு. நீங்கள் தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால் கவனம். சோயா அந்த மாத்திரையைக் குடலில் சரியாக ஏறவிடாது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி நேரத்தில் சோயா பால் என்று வைத்துக்கொண்டால் மாத்திரையில் ஒரு பகுதி வீணாகலாம். அப்புறம் சோர்வு, உடல் பருமன் என்று வந்து, பழி டமாக்ஸிஃபென் மேல் விழும். தைராய்டு மாத்திரைக்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சோயாவைப் புதிதாகத் தொடங்கினால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பாருங்கள்.