பிளேட்லெட் போதுமான அளவு இருந்தும் ரத்தம் கசிவது ஏன்?

கேள்வி: ரங்கூன் தாம்வேயில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 61, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் வருகிறது. ஊசி குத்திய இடமும் வெகுநேரம் கசிகிறது. பிளேட்லெட் 1,90,000 இருக்கிறது, ஹீமோகுளோபின் 6.8தான். கசிவுக்கு மருந்து கேட்டால், ரத்தம் ஊறும் ஊசியை எழுதிக் கொடுத்து, "இதுதான் அதற்கும் மருந்து" என்கிறார் டாக்டர். எப்படி?

பதில்: அவர் சொன்னது சரிதான். சிவப்பணு சுமார் 8 மைக்ரான் அகலம், மெத்தென்று வளையும். காயத்தில் ஒட்டி ரத்தத்தை அடைக்கும் பிளேட்லெட் 2 முதல் 3 மைக்ரான்தான், விறைப்பானது. சிறு ரத்தக்குழாயில் ஓடும்போது சிவப்பணுக்கள் சுவரைவிட்டு விலகி நடுவில் கூடும். தேர்க் கூட்டத்தில் பெரியவர்கள் நெருக்க நெருக்கச் சிறுபிள்ளைகள் ஓரத்துக்குப் போய்விடுவதுபோல, அவை இடித்து இடித்துப் பிளேட்லெட்டைச் சுவரோரம் தள்ளிவிடும். காயம் படுவது சுவரில்தானே? அங்கேதான் பிளேட்லெட் தயாராக நிற்க வேண்டும். (மிக நுண்ணிய தந்துகியில் இந்தக் கதையே இல்லை, சிவப்பணு உடலை மடக்கி ஒவ்வொன்றாகத்தான் நுழையும்.)

ஹீமோகுளோபின் 6.8 என்றால் சிவப்பணு மிகக் குறைவு, அதனால் உங்கள் அம்மாவுக்கு அந்த நெரிசலே குறைந்துவிட்டது. பிளேட்லெட் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் குழாய் முழுக்கச் சிதறி ஓடுகிறது. போதாததற்கு, சிறுநீரகம் வெளியேற்றாத கழிவுகள் அதன் ஒட்டும் திறனையும் மந்தமாக்குகின்றன. சிறுநீரக நோயாளிகளுக்குச் சிவப்பணு ஏற்றினால் ரத்தக்கசிவு நேரம் குறைகிறது என்று 1982-லேயே இத்தாலிய மருத்துவர்கள் காட்டினார்கள். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 30 சதவீதத்தை எட்டினாலே பெரும்பாலும் வித்தியாசம் தெரியும்.

டாக்டர் எழுதிய ஊசி சிவப்பணுவைத்தான் பெருக்கும், ஆனால் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். உடம்பில் இரும்புச்சத்து இல்லாவிட்டால் ஊசி வீண், அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிரஷர் ஏறலாம், அடிக்கடி பாருங்கள். ஹீமோகுளோபினை 13, 14 வரை ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்க வேண்டாம். ரத்தம் உறையும் ஆபத்து கூடும். 10, 11 போதும்.

கடையில் கலந்து கட்டித் தரும் மூட்டுவலி மாத்திரைப் பொட்டலத்தை அம்மா வாங்குகிறாரா என்று பாருங்கள். அதில் பெரும்பாலும் பிளேட்லெட்டை முடக்கும் வலிமருந்து இருக்கும். வெற்றிலை போடுபவரானால் சுண்ணாம்பும் பாக்கும் ஈறைப் புண்ணாக்கும், கொஞ்ச நாள் நிறுத்தட்டும். டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். கசிவைச் சொன்னால் அளவைக் குறைப்பார்கள். மலம் கறுப்பாகப் போனாலோ கடும் தலைவலி வந்தாலோ அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.