‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’: கேம் ஆடியவரிடம் கேளுங்கள்

இரண்டு சீசன்களின் கதையையும் போட்டு உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.

கேம் ஆடியதே இல்லை. நேராகத் தொடரைப் பார்த்தால் புரியுமா?

தாராளமாகப் புரியும். 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த கேம் அது. பூஞ்சைத் தொற்றால் சிதைந்த உலகில், ஜோயல் என்பவர் தொற்று பாதிக்காத எல்லி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு போகும் கதை. அதன் கதையை எழுதிய நீல் டிரக்மனே, ‘செர்னோபில்’ தொடரின் கிரெய்க் மேசினோடு சேர்ந்து எச்பிஓ சேனலின் இந்தத் தொடரை உருவாக்கினார். முதல் சீசன் 2023 ஜனவரியில் தொடங்கியது. 9 எபிசோடுகள்தான்.

கேமில் பூஞ்சை வித்து காற்றில் பறக்கும், ஜோயல் முகமூடி போடுவார். தொடரில் அதைக் காணோமே?

முதல் சீசனில் தூக்கிவிட்டார்கள். பதிலாக, வாயிலிருந்து நெளிந்து வரும் பூஞ்சை இழைகள். நல்ல முடிவு. ஜோயலாக நடிக்கும் பெட்ரோ பாஸ்கலுக்குப் பாதி நேரம் முகமூடி மாட்டிவிட்டால் நாம் எதைப் பார்ப்பது? இரண்டாவது சீசனில் மருத்துவமனை அடித்தளத்தில் வித்துகள் திரும்பி வந்துவிட்டன.

முதல் சீசனின் மூன்றாவது எபிசோடை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

கேமில், ஜோயல் உதவி கேட்டுப் போகும் பில் ஒரு சிடுமூஞ்சி. அவருடைய துணை ஃபிராங்க் தூக்கில் தொங்கிக் கிடப்பார், பக்கத்தில் பில்லைக் கரித்துக் கொட்டும் ஒரு கடிதம் இருக்கும். அவ்வளவுதான். நாம் பெரும்பாலும் ஜோயலின் முதுகுக்குப் பின்னாலேயே நடப்பதால், மற்றவர் வாழ்க்கை இப்படித் துண்டுச்சீட்டில்தான் கிடைக்கும். தொடருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது ஜோயலை விட்டுவிட்டு, இந்த இருவரும் சேர்ந்து கிழவர்களாகும் வரை கூடவே இருந்தது. அந்த ஸ்ட்ராபெர்ரி காட்சியில் நான் அழுதேன், மறைக்கவில்லை. பில்லாக நடித்த நிக் ஆஃபர்மனுக்கு எம்மி விருதும் வந்தது.

தொடரில் எல்லியாக வரும் பெல்லா ராம்சே, கேமின் எல்லி மாதிரியே இல்லையே?

முகம் இல்லைதான். வாய் அப்படியே எல்லி. எனக்கு அது போதும்.

கேமில் நடித்தவர்கள் யாராவது தொடரில் உண்டா?

மெர்லி டாண்ட்ரிட்ஜ் இரண்டிலும் கிளர்ச்சிக் குழுத் தலைவி மார்லீன்தான். கேமின் ஜோயலான டிராய் பேக்கர், டேவிட் என்ற வில்லனின் அடியாளாக வருகிறார். கேமின் எல்லியான ஆஷ்லி ஜான்சன், தொடரில் எல்லியைப் பெற்றெடுக்கும் அம்மா! இசையும் அதே குஸ்தாவோ சாந்தாவோலாயாதான்.

முதல் சீசனைப் புகழ்கிறீர்கள், இரண்டாவது என்றால் முகம் சுளிக்கிறீர்கள். ஏன்?

முதல் கேமின் கடைசியில், மருந்து தேடி எல்லியை அறுக்கவிருந்த ஒரு டாக்டர், ஆபரேஷன் அறையில் ஜோயலுக்குக் குறுக்கே நிற்பார். அவரைக் கொல்லாமல் கேம் நகராது. பட்டனை அழுத்துவது நம் விரல். தொடரில் அதைச் செய்வது ஜோயல், நாம் சோபாவில் இருக்கிறோம். அது தவிர்க்க முடியாத இழப்பு, விடுங்கள்.

ஆனால் 2020-இல் வந்த இரண்டாம் கேம், ஜோயலைக் கொன்ற அபி என்ற பெண்ணை மணிக்கணக்கில் வெறுக்க வைக்கும். அப்புறம் திடீரென்று அவளையே நம் கையில் கொடுக்கும். அந்த டாக்டரின் மகள் அவள் என்பது அப்போதுதான் தெரியும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன், ஒரு வாரம் தொடவில்லை. தொடரோ அவள் ஏன் வருகிறாள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. அதிர்ச்சி போனால்கூடப் பரவாயில்லை. அவளை அநியாயமாக வெறுத்துவிட்டோமே என்ற கூச்சமும் சேர்ந்து போய்விட்டது.

அப்போ மூன்றாவது சீசன் பார்க்க மாட்டீர்களா?

யார் சொன்னது? இரண்டாவது சீசன், ‘சியாட்டில், முதல் நாள்’ என்று அபியின் பக்கம் திரும்பித்தான் முடிந்தது. அபியாக நடிக்கும் கெய்ட்லின் டெவருக்காகவே பார்ப்பேன். திட்டிக்கொண்டேதான்.