வீட்டுக் கோழியைக் குளிப்பாட்டலாமா?

செல்லமாக வளர்க்கும் கோழியை வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கோழி மண்ணில் தானே குளித்துக்கொள்ளும். குழி பறித்து, புழுதியை இறகுக்குள் வாரிப் போட்டுப் புரளும்போது அதிகப்படியான எண்ணெய்ப் பசையை மண் உறிஞ்சிவிடும், பேனும் குறையும். மாடியில் வளர்த்தால் அகலமான டப்பில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த மண்ணும் மணலும், கூடக் கொஞ்சம் விறகுச் சாம்பலும் போட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள். அது உருண்டு புரள்வதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

தண்ணீர் எப்போது தேவை? கழிச்சலால் பின்பக்க இறகில் எச்சம் அப்பிக் காய்ந்திருந்தால். அதை அப்படியே விடவே கூடாது, ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வெயில் ஏறிய பிறகு வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தை மட்டும் ஊறவைத்துக் கழுவுங்கள். பிய்த்து இழுத்தால் தோல் கிழியும். தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான ஷாம்பு சில சொட்டு, அப்புறம் நன்றாக அலசல். தலையை நனைக்காதீர்கள். துண்டால் ஒற்றி, அடி இறகு வரை காயவிடுங்கள். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். நனைந்த இறகு அந்தச் சூட்டைக் காக்காது. குஞ்சுகளுக்கு ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். கழிச்சல் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.